மாநிறத்துக்கு எண் இல்லை

பாயான் லெப்பாஸ், பதினான்காம் மாடி.
சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.
ரீசெட் துளைக்குள் தோட்டின் காம்பைச் சொருகுகிறேன்.
அறுபத்தெட்டு விசைகளும் ஒருசேரக் கண் மூடுகின்றன.
ஏழு நொடி.
பிறகு ஒவ்வொன்றாய் விழிக்கின்றன
நான் எழுதிய நிறத்தில்,
அல்லது எழுதியதாய் நினைத்த நிறத்தில்.

பகலில் அடுத்தவன் சிப்புகளைச் சோதிக்கிறேன்.
ராத்திரி என் சொந்தக் கிறுக்கு:
விசைப்பலகைக்கு நிறம் உடுத்தும் செருகுநிரல்கள்.
இதுவரை ஒன்பது.
'கொய்யா', ஓரமெல்லாம் பச்சை, நடுவில் வெளிறிய சிவப்பு.
'செண்டோல்', வெள்ளையில் ஊரும் பச்சைப் புழுக்கள்.
'பாலம்', இடமிருந்து வலம் ஒரே மஞ்சள் வரிசை,
நடுவே ஒரு விளக்கு மட்டும் எப்போதும் அணைந்திருக்கும்.
அதைப் பிழை என்று மூன்று பேர் புகார் செய்தார்கள்.
அவர்கள் யாரும் அந்தப் பாலத்தில்
மழையோடு மோட்டார் ஓட்டியதில்லை.

இந்தச் சிப்புக்கு நிறம் ஒரு வட்டம்.
சிவப்பு, பூஜ்யம். பச்சை எண்பத்தைந்து.
நீலம் நூற்றெழுபது.
இருநூற்றைம்பத்தைந்தைத் தாண்டினால்
மறுபடி அதே சிவப்பின் வாசல்.
முதல் மாதம் இது புரியாமல்
நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகச் சொன்னேன்.
அது பச்சை, மஞ்சள் என்று
ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வந்தது,
ஜெலுத்தோங் போக
பாலிக் புலாவ் வழியெடுத்த டாக்சி மாதிரி.

பத்தாவது, தர்மினி கேட்டது.
சுங்கை டுவாவில் இருக்கிறாள்.
டாக்டர்கள் பேசிவைத்ததைத் தட்டச்சிடும் வேலை,
விடியும்வரை பிறர் ஈரல், பிறர் முழங்கால்.
"லைட்டைப் போட்டா பையன் எழுந்துக்கறான்.
என் கை நிறத்துல ஒண்ணு பண்ணிக் கொடு.
விரல் எங்க முடியுது, விசை எங்க ஆரம்பிக்குது
தெரியக் கூடாது."
மாநிறம் என்றாள், சிரித்துக்கொண்டே.
கல்யாணத் தரகர் அவளுக்குக் கொடுத்த சொல்லாம்.

பதினெட்டு என்று போட்டேன். ஆரஞ்சு.
பிரகாசத்தைப் பாதியாக்கினேன். பாதி ஆரஞ்சு.
கால். சாகப்போகிற ஆரஞ்சு.
தே தாரேக் கப்பை விசைகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
கப்பில் இருக்கிறது,
என் மணிக்கட்டில் இருக்கிறது,
கதவில், அட்டைப்பெட்டியில், கரப்பான்பூச்சியில் இருக்கிறது,
விளக்கில் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

மூன்றாம் இரவு, இரண்டரை மணி.
பழைய சோதனை ஒன்றை நிறுத்த மறந்து எழுந்துபோனேன்.
தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால்
ஆறு வெள்ளை விசைகளுக்கு நடுவில்
ஒரு மாநிற விசை.

எண் மாறவில்லை. அதே பதினெட்டு, அதே கால்.
வெள்ளையை அணைத்தேன், ஆரஞ்சு.
போட்டேன், மாநிறம்.
அணைத்தேன். போட்டேன்.
எதிர் பிளாட்டுக்காரர் என்ன நினைத்தாரோ.

அப்படியென்றால்
அந்த நிறத்தில் தனியாய் ஒரு வெளிச்சமே இல்லை.
பக்கத்தில் பளிச்சென்று யாரோ நிற்கும்போது
மங்கலான ஆரஞ்சுக்கு நாம் வைக்கும் பெயர்.
இதை யாரை எழுப்பிச் சொல்வது?
நாலாம் வகுப்புக் குழுப்படம் ஒன்று ஞாபகம் வந்தது.
அதைத் தள்ளிவைத்துவிட்டு
நிரலைத் தொகுத்தேன்.

இடம் போதவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பைட் அதிகம்.
வானவில் அலையை அழித்தேன்.
எல்லாப் பலகையிலும் இலவசமாய் வருவது,
அதற்காக யாரும் அழப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை தர்மினியின் செய்தி:
"வெள்ளை ரொம்ப ஜாஸ்தி. பையன் எழுந்துட்டான்.
மடியில உக்காந்து எம் விசையையே அமுக்கறான்.
யாரோ ஒருத்தர் ஈரலுக்கு நடுவுல
இப்போ நாப்பது எம்."

நிறம்? என்று கேட்டேன்.

"நிறம் சரியாத்தான் இருக்கு.
வெள்ளையைக் கொஞ்சம் குறை, போதும்."

குறைத்தால் நீ ஆரஞ்சு ஆகிவிடுவாய்
என்று தட்டினேன்.
அனுப்பவில்லை.
இடது காதுத் தோட்டை மறுபடி கழற்றினேன்.